மவுஸ் பார்க்கும் நாலு வேலை: கை தொடாமல் கணினி ஓட்டுவது

ரங்கூனில் எங்கள் தெருவில், நாலாம் மாடியில் ஓர் அண்ணன் இருக்கிறார். பயின்னாங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்புக் கடைக்கு இருபது வருடமாகக் கணக்கு எழுதியவர். உளுந்து எத்தனை மூட்டை வந்தது, பாசிப்பயறு எத்தனை போனது, யாரிடம் எவ்வளவு பாக்கி, எல்லாம் எக்செல்லில் அவர் போட்டு வைத்த ஷீட்டுகளில்தான். போன மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கழுத்தில் அடி. பிழைத்துக்கொண்டார். ஆனால் விரல்கள் சொல்பேச்சு கேட்பதில்லை. வலது கையைத் தோளிலிருந்து கொஞ்சம் தூக்கி இறக்க முடியும். தலை நன்றாகத் திரும்பும். குரலில் பழைய அதட்டல் அப்படியே இருக்கிறது.

“தம்பி, உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்ல? என்னைப் பழையபடி கணக்குல உட்கார வை” என்றார்.

ஏதாவது ஒரு மென்பொருள் இருக்கும், போட்டுக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்துத்தான் நானும் படியேறினேன். அங்கேதான் தப்பு செய்தேன். கை இல்லாமல் கணினியை ஓட்ட ஒரே ஒரு சாதனம் என்று எதுவும் கிடையாது. முதலில் மவுஸ் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

டக்ளஸ் எங்கல்பார்ட் 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்னால் மவுஸை இயக்கிக் காட்டினார். அது உள்ளங்கைக்குள் அடங்குகிற சாதனம். அன்றிலிருந்து கணினித் திரை முழுவதும் ஒரு கையை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கை நாலு வேலை பார்க்கிறது. அம்புக்குறியை நகர்த்துகிறது. வேண்டிய இடத்தில் நிறுத்துகிறது. பொத்தானை அழுத்துகிறது. அழுத்தியபடியே இழுத்துக்கொண்டு போகிறது. சோற்றைப் பிசைந்து, உருட்டி, எடுத்து வாயில் வைப்பது எப்படி நமக்கு ஒரே வேலையாகத் தெரிகிறதோ, இதுவும் அப்படித்தான். கை இருக்கும்வரை பிரிந்து தெரியாது.

கை இல்லையென்றால் இந்த நாலையும் பிரித்தே ஆகவேண்டும். நாலும் ஒரே உறுப்புக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. தலை நகர்த்தட்டும், குரல் அழுத்தட்டும், முழங்கை இழுக்கட்டும். ஆகவே, கடையில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அவர் உடம்பில் எந்த அசைவு ஒரு மணி நேரம் செய்தாலும் சோர்வில்லாமல் வருகிறது என்று பாருங்கள். ஒரு தடவை செய்துகாட்டுவது கணக்கில்லை. அண்ணன் கன்னத்தை உப்பிக் காட்டினார், புருவத்தைத் தூக்கிக் காட்டினார். பத்து நிமிடத்தில் இரண்டும் சோர்ந்துவிட்டன. தலையும் வலது கையும்தான் தாக்குப்பிடித்தன.

அடுத்தது, வேலையையே குறைப்பது. இதற்குப் புது மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸ் விசையையும் ‘யு’வையும் சேர்த்து அழுத்தினால் அணுகல்தன்மை அமைப்புகள் திறக்கும். அதில் அம்புக்குறியைப் பெரிதாக்கலாம், கண்ணைப் பறிக்கும் நிறம் கொடுக்கலாம். மவுஸ் அமைப்புகளில் இன்னொன்று உண்டு: கன்ட்ரோல் விசையைத் தட்டினால் அம்புக்குறியைச் சுற்றி வட்டம் தோன்றி, அது எங்கே இருக்கிறது என்று காட்டும். கையால் ஓட்டுகிறவர் அம்பைத் தொலைத்துவிட்டால் மவுஸை ஓர் ஆட்டு ஆட்டிக் கண்டுபிடித்துவிடுவார். தலையால் ஓட்டுகிறவருக்கு அந்த ஆட்டும் ஒரு கழுத்துவலிதான்.

ஃபைல்களைத் திறக்க இரட்டைக் கிளிக் வேண்டும் என்பதை ஒற்றைக் கிளிக்காக மாற்றிவிடுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் இருக்கிறது. பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடம். கிளிக்லாக் என்று ஒன்றும் இருக்கிறது. பொத்தானை ஒரு கணம் அழுத்தி விட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும். பிறகு நகர்த்தினால் இழுவை, மறுபடி அழுத்தினால் விட்டுவிடும். நாலாவது வேலை இதோடு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-ல் ஒரு விதி சொன்னார். சுட்ட வேண்டிய பொருள் எவ்வளவு சிறியதோ, எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அதன் சாரம். நம் பாட்டிக்கும் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் இதிலிருந்து ஒரு நல்ல உபாயம் கிடைக்கிறது. திரையின் ஓரத்தில் அம்புக்குறி முட்டி நின்றுவிடும், தாண்டிப் போகாது. ஆகவே ஓரத்தில் இருக்கும் பொத்தானில் நிறுத்துவது சுலபம், நடுவில் இருக்கும் சின்னப் பொத்தானில் நிறுத்துவதுதான் கஷ்டம். அடிக்கடி திறக்கிற நிரல்களை எல்லாம் கீழ்ப்பட்டையில் ஒட்டி வைத்தோம். திரையில் எழுத்தும் பொத்தானும் தெரியும் அளவை 150 சதவீதத்துக்கு ஏற்றினோம். அன்றைக்கே பாதிச் சிக்கல் தீர்ந்தது.

விரலோ கால் கட்டைவிரலோ ஓரளவு அசையும், அல்லது வாயில் குச்சி கவ்வித் தட்ட முடியும் என்பவர்களுக்கு விசைப்பலகையே மவுஸாக மாறும். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், ‘நம் லாக்’ (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மவுஸ் கீஸ் வரும். எண் விசைகளில் 8 மேலே, 2 கீழே, 4 இடம், 6 வலம், மூலைகளில் உள்ளவை குறுக்கே. 5 என்றால் கிளிக், கூட்டல் குறி இரட்டைக் கிளிக். 0 பிடித்துக்கொள்ளும், புள்ளி விட்டுவிடும். வலது கிளிக் வேண்டுமென்றால் முதலில் கழித்தல் குறியைத் தட்டிவிட்டு 5. பழையபடி இடது கிளிக்குக்கு வர, சாய்கோடு. கவனித்தீர்களா? நாலு வேலைக்கும் இங்கே தனித்தனி விசை. ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் வருகிற ஸ்டிக்கி கீஸ் இதன் கூடப்பிறந்தது. கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்த முடியாதவர், ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். குச்சியால் தட்டுகிறவருக்கு இது இல்லாமல் எதுவும் நடக்காது. இரண்டும் விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இருக்கின்றன. நம்மில் பலருக்கு ஸ்டிக்கி கீஸ் என்பது விளையாட்டின் நடுவில் வந்து தொல்லை பண்ணுகிற பெட்டி, அவ்வளவுதான்.

அண்ணனுக்கு விரல் இல்லையே. குரலுக்குப் போனோம்.

விண்டோஸ் 11-ல் 2022-ன் பதிப்பிலிருந்து வாய்ஸ் ஆக்சஸ் இருக்கிறது. முதல் தடவை மொழிக் கோப்பை இறக்கிக்கொள்ள மட்டும் இணையம் வேண்டும். அப்புறம் எல்லாம் கணினிக்குள்ளேயே நடக்கும். நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கட்டளைகளைத் தமிழில் சொல்ல முடியாது, பர்மியிலும் முடியாது. நமக்குத் தெரிந்த மொழிகளில் ஆங்கிலம்தான் அதற்குப் புரியும். அதிலும் அமெரிக்க ஆங்கிலம் என்று விட்டுவைத்தால் நம் உச்சரிப்புக்கு முகம் சுளிக்கும். இந்திய ஆங்கிலம் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை மாற்றியதும் அண்ணனின் ‘த்ரீ’ ஒழுங்காக ‘த்ரீ’ ஆயிற்று.

குரலால் எப்படி ஓர் இடத்தைச் சுட்டுவது? இரண்டு வழி. ‘ஷோ நம்பர்ஸ்’ என்றால் திரையில் கிளிக் செய்யக்கூடிய ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் முளைக்கும். ‘கிளிக் 14’ என்றால் முடிந்தது. இங்கே நகர்த்துவது, நிறுத்துவது இரண்டுமே ஒழிந்துவிட்டன என்பதைப் பாருங்கள். அம்புக்குறியே தேவையில்லை. எண் ஏறாத இடங்கள், படங்கள் மாதிரி, இருந்தால் ‘ஷோ கிரிட்’. திரை ஒன்பது கட்டமாகப் பிரியும். ஒரு கட்டத்தின் எண்ணைச் சொன்னால் அந்தக் கட்டம் மட்டும் மறுபடி ஒன்பதாகப் பிரியும். 1920-க்கு 1080 புள்ளி உள்ள திரையில் மூன்று எண் சொன்னால் ஏறக்குறைய 71-க்கு 40 புள்ளி உள்ள கட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒரு பொத்தானின் அளவு. நாலாம் எண் அநேகமாக வேண்டியிருக்காது. இழுப்பதற்கும் இதே கட்டங்கள்தான்: எடுக்கும் இடத்தைக் குறித்துவிட்டு, விடும் இடத்தைச் சொன்னால் பொருளை அதுவே கொண்டுபோய் வைக்கும்.

ஒரே சொல்லில் பல வேலைகளைக் கட்டிவைக்கவும் வசதி இருக்கிறது. அண்ணன் ‘ஸ்டாக் ஷீட்’ என்றால் அந்த மாதக் கணக்கு திறந்துகொள்ளும்படி செய்திருக்கிறோம். எல்லாக் கட்டளைகளையும் அவருக்கு மனப்பாடம் செய்விக்க முயன்றது என் இரண்டாவது தப்பு. பத்துக் கட்டளை போதும். மறந்தால் ‘வாட் கேன் ஐ சே’ என்று கேட்டால் பட்டியலை அதுவே நீட்டும். தூங்கச் சொல்ல ‘வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப்’, எழுப்ப ‘வாய்ஸ் ஆக்சஸ் வேக் அப்’. இந்த இரண்டை மட்டும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். அண்ணி சமையலறையிலிருந்து ஏதோ கேட்க, இவர் பதில் சொல்ல, அந்தப் பதில் முழுவதும் உளுந்துக் கணக்கில் ஆங்கிலக் குப்பையாக ஏறிய கதையும் நடந்தது.

கட்டளையிடுவது வேறு, சொல்வதைத் தட்டச்சு செய்வது வேறு. விண்டோஸ் விசையோடு ‘ஹெச்’ அழுத்தினால் வருகிற குரல் தட்டச்சு தமிழும் எழுதும். ஆனால் அதற்கு இணையம் வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, ‘தமிழ் வேலை செய்கிறது, கிளிக் ஏன் தமிழில் கேட்கவில்லை’ என்று நான் ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

குரல் நன்றாக வந்தது. மின்சாரம் போகும்வரை. ரங்கூனில் மின்சாரம் முறைவைத்துத்தான் வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போனதும் நடைபாதையில் வரிசையாக ஜெனரேட்டர்கள் உறும ஆரம்பிக்கும். மடிக்கணினி பேட்டரியில் ஓடும், இன்வர்ட்டரும் இருக்கிறது, ஆனால் அந்த இரைச்சலில் மைக்குக்கு அண்ணன் குரல் காதில் விழாது. வாய்க்கு அருகில் நிற்கும் ஹெட்செட் மைக் கொஞ்சம் காப்பாற்றியது. முழுவதும் இல்லை. இன்னொரு வழி கைவசம் இருக்க வேண்டும் என்று தலைக்குப் போனது இதனால்தான்.

சாதாரண வெப்கேமரா போதும். இ-வியாகேம் என்ற திறமூல நிரல் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், இலவசம். அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியில் உருவான கேமரா மவுஸ் என்பதும் இலவசம்தான், விண்டோஸுக்கு மட்டும். முகத்தைக் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். தலை இடப்பக்கம் திரும்பினால் அம்பும் இடப்பக்கம் போகும். மேக் கணினியில் இதற்குத் தனி நிரல் வேண்டாம், தலையால் சுட்டும் வசதி அதிலேயே 2020-லிருந்து இருக்கிறது.

நகர்த்துவது சரி, எப்படி அழுத்துவது? இந்த நிரல்கள் சொல்லும் வழி, நின்றால் கிளிக். அம்பு ஓர் இடத்தில் ஒரு நொடி அசையாமல் நின்றால் கிளிக் என்று எடுத்துக்கொள்ளும். கேட்க அழகாக இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், இது பஸ்மாசுரன் வாங்கிய வரம் என்று. தொட்டதெல்லாம் சாம்பல். ஒரு வரியைப் படிக்க நின்றாலும் கிளிக். யோசிக்க நின்றாலும் கிளிக். நான் அவசரத்தில் அரை நொடி என்று வைத்துவிட்டேன். அதோடு, கேள்விப்பெட்டி வந்தால் அம்பு தானாகவே அதன் பொத்தானில் போய் உட்காரும் ஸ்னாப் டூ என்ற வசதியையும், நல்லதென்று நினைத்து, போட்டு வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? ‘நீக்கவா’ என்று பெட்டி வந்தது, அம்பு ஓடிப்போய் ‘ஆம்’ மேல் உட்கார்ந்தது, அரை நொடியில் அழுத்தியும் விட்டது. போன மாதக் கணக்கு போயிற்று. பென் டிரைவில் நகல் இருந்ததால் நான் தப்பித்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆகவே, நின்றால் கிளிக் வைப்பதாக இருந்தால் ஸ்னாப் டூ வேண்டாம். நேரத்தை ஒன்றரை நொடியில் ஆரம்பித்து, கை தேர்ந்தபின்... தலை தேர்ந்தபின் என்று சொல்ல வேண்டும், மெல்லக் குறையுங்கள். அம்பு நடுங்கினால் வேகத்தைக் குறைப்பதோடு மென்மையாக்கும் அமைப்பையும் கூட்டுங்கள். பக்கவாட்டு வேகம், மேல்கீழ் வேகம் இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம். கழுத்து பக்கவாட்டில் திரும்புகிற அளவுக்கு மேலும் கீழும் போகாது என்பதால் மேல்கீழ் வேகத்தைக் கூட்டி வைப்பது நல்லது. இ-வியாகேமில் ஒரு சின்னப் பட்டை மிதக்கும். அடுத்த கிளிக் இடதா, வலதா, இரட்டையா, இழுவையா, ஒன்றுமே வேண்டாமா என்று அதில் தேர்ந்துகொள்ளலாம். ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதுதான் அதில் விலைமதிப்புள்ள பொத்தான். படிக்கும்போது அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படிக்கலாம்.

ஆனால் அண்ணனுக்கு நின்றால் கிளிக்கே பிடிக்கவில்லை. “என்னை இது அவசரப்படுத்துதுடா” என்றார். சரி என்று, அவர் வலது கையைத் தூக்கிப் போடுகிற இடத்தில் ஒரு பழைய மவுஸை வைத்தேன். அடியில் சிவப்பு விளக்கு எரியும் துளையை இன்சுலேஷன் டேப் போட்டு மூடினேன். இப்போது அதை எப்படி உருட்டினாலும் அம்பு அசையாது, பொத்தான் மட்டும் வேலை செய்யும். விரல் வேண்டாம், உள்ளங்கை விழுந்தாலே கிளிக். மவுஸ் நகராமல் இருக்க ஒரு மரப்பலகையில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிவிட்டோம். வெளிநாட்டில் இதற்கென்றே பெரிய வட்டப் பொத்தான்கள் விற்கிறார்கள். நமக்கு இது போதும்.

அசைவு என்று மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான் என்றாலும் வழி உண்டு. ரங்கூன் பழைய மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் தொங்குகிற கயிறு தெரியுமல்லவா? கீழே இருப்பவர் ஓர் இழு இழுத்தால் மேலே மணி அடிக்கும். அந்தக் கயிற்றுக்குத் தெரிந்தது ஓர் இழுப்பு மட்டும்தான். ஆனால் பேப்பர்காரன் வருகிற நேரத்தில் இழுத்தால் பேப்பர், காய்காரம்மா வருகிற நேரத்தில் இழுத்தால் காய். பொருள் நேரத்தில் இருக்கிறது. ஒற்றைப் பொத்தான் முறை அப்படியே இதுதான். விண்டோஸின் திரை விசைப்பலகையில் வரிசை வரிசையாகத் தேடும் அமைப்பு உண்டு. வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக நகரும். வேண்டிய வரிசை வந்ததும் ஒரு தட்டு. பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வொரு எழுத்தாக நகரும், மறுபடி ஒரு தட்டு. ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத்துத் தசையின் ஒரு துடிப்பை வைத்து எழுதியது இந்த வழியில்தான். மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உணரி அந்தத் துடிப்பைப் பார்த்தது. அவருக்காக இன்டெல் செய்த மென்பொருளை 2015-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மெதுவான வழிதான், ஆனாலும் வழி.

கண்ணால் ஓட்டுவதைப் பற்றியும் கேட்பார்கள். விண்டோஸில் 2017-லிருந்து உண்டு, ஆனால் அதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டும். ஐஃபோனில் 2024-ல் வந்த பதிப்பிலிருந்து முன்கேமராவே போதும். ஆண்ட்ராய்டு ஃபோனில் 12-ஆம் பதிப்பிலிருந்து முகத்தையே பொத்தானாக்கலாம். சிரிப்பது, புருவம் தூக்குவது, வாய் திறப்பது, இடம் வலம் மேலே பார்ப்பது என்று ஆறு அசைவு. வீட்டில் இருக்கும் ஃபோனிலேயே செய்து பார்க்கலாம், செலவில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் ஒரு காலையில் அண்ணியிடமிருந்து அழைப்பு. கணினி திறக்கவில்லையாம். பார்த்தால், கடவுச்சொல் கேட்டு நிற்கிறது. உள்ளே நுழைந்தபின் வேலை செய்கிற ஏற்பாடெல்லாம் பக்காவாகச் செய்துவிட்டு, வாசல் கதவை மறந்திருக்கிறேன். வாய்ஸ் ஆக்சஸை உள்நுழைவதற்கு முன்பே தொடங்கும்படி வைக்க ஓர் அமைப்பு உண்டு, அதைப் போட்டோம். ஆனால் கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொன்னால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். முகம் பார்த்துத் திறக்கும் கேமரா உள்ள மடிக்கணினி என்றால் இந்தத் தொல்லை இல்லை. அண்ணனுடையது பழசு. அண்ணி அழுத்திக் கொடுக்கிறார்.

இப்போது நாலு வேலையும் இப்படிப் பிரிந்திருக்கிறது. நகர்த்துவதும் நிறுத்துவதும் தலை. அழுத்துவது பலகையில் ஒட்டிய மவுஸ். இழுப்பதும் ஃபைல் திறப்பதும் எண்களை உள்ளிடுவதும் குரல். ஜெனரேட்டர் உறுமும் நேரத்தில் குரலை விட்டுவிட்டு, திரை விசைப்பலகையில் தலையால் எண்களைத் தட்டுகிறார். இருட்டினால் கேமராவுக்கு முகம் தெரியாது என்பதை முதல் இருட்டில்தான் கண்டுபிடித்தோம். பவர் பேங்கில் செருகுகிற சின்ன எல்இடி விளக்கு ஒன்றைத் திரைக்கு மேலே மாட்டியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழுத்துக்கு ஓய்வு, இது அண்ணியின் உத்தரவு.

டேப் ஒட்டாத நல்ல மவுஸ் ஒன்றும் கணினியில் செருகியே இருக்கிறது. தலையும் குரலும் ஒரே நேரத்தில் சிக்கிக்கொண்டால் அண்ணி வந்து பிடிப்பதற்கு. மாதக் கடைசியில் சந்தையிலிருந்து பையன் கணக்கு வாங்க வருவான். தெருவிலிருந்து கயிற்றை இழுப்பான், மேலே மணி அடிக்கும். அண்ணன் ‘வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப்’ என்று சொல்லிவிட்டுத்தான் அவனுக்குக் குரல் கொடுப்பார்.